குட்டியானை பராமரிப்பு: லோடு ஏற்றும்போதே தொடங்குங்கள்

குட்டியானை என்று நாம் அழைக்கும் டாட்டா ஏஸ் 2005ஆம் ஆண்டு சந்தைக்கு வந்தபோது அதில் இருந்தது இரண்டு சிலிண்டர், 702 சி.சி. டீசல் இன்ஜின், சக்தி ஏறக்குறைய 16 குதிரை. 750 கிலோ சரக்கு என்று கணக்குப் போட்டுத்தான் ஸ்பிரிங் பட்டை, பிரேக், டயர், ஆக்சில் எல்லாவற்றையும் அளவெடுத்துச் செய்தார்கள். குட்டியானை பராமரிப்பு என்றதும் நமக்கு ஆயில் மாற்றுவதுதான் நினைவுக்கு வருகிறது. அது தேவைதான். ஆனால் கிளட்ச் தேய்வது, பட்டை உடைவது, வீல் பேரிங் சத்தம் போடுவது, டயர் வெடிப்பது போன்ற பெரிய செலவுகளுக்கு வித்து பெரும்பாலும் லோடு ஏற்றும் இடத்திலேயே விழுந்துவிடுகிறது. அதனால் பராமரிப்பையும் அங்கிருந்தே தொடங்குவது நல்லது.

முதல் வேலை, ஏற்றும் சரக்கின் எடையைத் தெரிந்துகொள்வது. சிமென்ட் மூட்டை ஒன்று 50 கிலோ. 15 மூட்டையோடு கணக்கு முடிந்தது. 20 லிட்டர் தண்ணீர் கேன் என்றால் 35 வரை ஏற்றலாம். ஏமாற்றிவிடுவது மணல். பாடியின் அளவு சுமார் 7 அடிக்கு 5 அடி, உயரம் ஓரடி; அதாவது ஏறக்குறைய ஒரு கன மீட்டர். காய்ந்த மணலே அந்த அளவுக்கு 1,600 கிலோ வரும், ஈர மணல் அதற்கும் மேல். விளிம்பு வரை நிரப்பினால் இரண்டு வண்டிச் சுமையை ஒரு வண்டி இழுக்கிறது. பாதி உயரத்தை எட்டும் முன்பே கைநிறுத்த வேண்டும். சந்தேகமாக இருந்தால் எடை மேடையில் ஒருமுறை நிறுத்திப் பார்த்துவிடுங்கள். அடுத்தது, சுமையை வைக்கும் இடம். கனமானதை கேபினை ஒட்டி வையுங்கள். பின்கதவுக்கு வெளியே சுமை நீண்டால் முன்சக்கரத்தின் மேல் பாரம் குறைந்து ஸ்டியரிங் லேசாகிவிடும். வளைவில் வண்டி சொன்ன பேச்சைக் கேட்காது.

'எக்ஸ்ட்ரா பட்டை போட்டுவிட்டால் தாங்கும்' என்பார்கள். பட்டை தாங்கும், உண்மைதான். ஆனால் பிரேக்கும் டயரும் ஆக்சிலும் பழையவையே. பழைய டீசல் மாடலில் வண்டியும் சரக்கும் ஆட்களும் சேர்ந்த மொத்த எடை வரம்பு சுமார் 1,550 கிலோ. அது 2,300 ஆனால், அதே வேகத்தில் நிறுத்தும்போது பிரேக் உறிஞ்ச வேண்டிய வெப்பம் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. அதைவிட மோசம், கூடுதல் பட்டை போட்டபின் பின்பக்கம் தாழாது. சுமை அதிகம் என்று கண்ணுக்குக் காட்டும் அடையாளமும் போய்விடுகிறது.

'750 கிலோவோடு நிறுத்தினால் டியூ எப்படிக் கட்டுவது?' என்ற கேள்வி நியாயமானது. டீசல் விலையில் ஒரு டிரிப்பை இரண்டாக்குவது சுலபமில்லை. ஆனால் மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019 திருத்தத்துக்குப் பிறகு, அதிகச் சுமைக்கு அபராதம் 20,000 ரூபாய். கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் மேலும் 2,000. அதிகச் சுமையை இறக்கும் செலவும் நம் தலையில்தான். ஒருமுறை பிடிபட்டால் பல டிரிப்பின் லாபம் போய்விடும். எப்போதுமே ஒரு டன்னுக்கு மேல்தான் தொழில் என்றால், ஒன்றேகால் டன் ஏற்றும் அசோக் லேலண்ட் தோஸ்த் வகை வண்டிக்குப் போவதே சரி.

காலையில் வண்டி எடுக்கும் முன் ஐந்து நிமிடம் ஒதுக்குங்கள். டயர் ஆறியிருக்கும்போதே காற்றைப் பாருங்கள். ஓடிய பிறகு அளவு கூடுதலாகக் காட்டும். ஆயில் கம்பியை மட்டமான தரையில் உருவிப் பார்க்க வேண்டும். ரேடியேட்டரில் போர் தண்ணீர் ஊற்றும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். உப்பு படிந்து வழி அடைபடும், சிறிய இன்ஜின் சீக்கிரம் சூடேறும். கூலன்ட்தான் சரி. வண்டியின் கீழே குனிந்து புதிய ஆயில் கசிவு இருக்கிறதா என்றும் பார்த்துவிடலாம். ஓட்டும்போது மேட்டில் அரைக் கிளட்சில் நிற்காமல் ஹேண்ட் பிரேக்கைப் போடுங்கள். கியர் ஆயில், கிரவுன் ஆயில், பிராப்பல்லர் ஷாப்ட் கிரீஸ் ஆகியவற்றுக்கு வண்டியோடு வந்த கையேட்டில் உள்ள கிலோமீட்டர் கணக்கைப் பின்பற்றினால் போதும்.

கடைசியாகக் காகித வேலை. மொத்த எடை 3,000 கிலோவைத் தாண்டாத சரக்கு வண்டிக்குப் பெர்மிட் தேவையில்லை. எஃப்.சி. என்ற தகுதிச் சான்று கட்டாயம்: முதல் எட்டு ஆண்டுகள் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை, பிறகு ஆண்டுதோறும். தேதிக்கு ஒரு மாதம் முன்பே பிரேக், விளக்கு, டயர், புகை நான்கையும் பட்டறையில் காட்டிவிட்டால், உதிரிப் பாகத்துக்குக் காத்திருக்கும் நாட்களிலும் வண்டி வாடகைக்கு ஓடும்.