டேப்பெட் சத்தமா, புகைக் கசிவா?

கேள்வி: என் பழைய பெட்ரோல் காரைக் காலையில் ஸ்டார்ட் செய்தால் ‘டிக் டிக்’ என்று சத்தம். இன்ஜின் சூடானதும் சத்தம் நின்றுவிடுகிறது. மெக்கானிக் டேப்பெட் அட்ஜஸ்ட் செய்தும் போகவில்லை. என்ன செய்யலாம்?

பதில்: சூடானதும் நிற்கிறது என்பதுதான் முக்கியமான தடயம். எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டின் கேஸ்கெட்டில் கசிவு அல்லது இரும்பில் மெல்லிய விரிசல் இருக்கலாம். சூட்டில் உலோகம் விரிந்து அந்த இடைவெளியை அடைத்துவிடும். எனவே இன்ஜின் ஆறியிருக்கும்போதே தேடுங்கள்.

முதலில் டார்ச் அடித்து, மேனிஃபோல்டு ஹெட்டோடு சேரும் இடத்தில் கரிக்கோடு தெரிகிறதா என்று பாருங்கள். தெரியாவிட்டால், வேக்குவம் கிளீனரின் காற்று வெளிவரும் பக்கத்தைச் சைலன்ஸர் வாயில் பொருத்தி, இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் தெளியுங்கள். குமிழி வரும் இடம்தான் கசிவு.

கேஸ்கெட் மலிவுதான். துருப்பிடித்த ஸ்டட் முறிவதுதான் செலவு வைக்கும். கழற்றுவதற்கு முந்தின இரவே துரு இளக்கும் எண்ணெய் விடச் சொல்லுங்கள். மேனிஃபோல்டு வளைந்திருந்தால் மட்டப்படுத்தாமல் புது கேஸ்கெட் போட்டுப் பயனில்லை. நட்டுகளை நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, கம்பெனி சொன்ன டார்க் அளவில் முறுக்க வேண்டும்.

தள்ளிப்போடாதீர்கள். ஆக்ஸிஜன் சென்சாருக்கு முன்னால் கசிந்தால் வெளிக்காற்று புகுந்து, பெட்ரோல் குறைவு என்று கம்ப்யூட்டர் தவறாகக் கணித்துக் கூடுதலாகச் செலுத்தும். அதைவிடக் கவலை, கசியும் புகையோடு காருக்குள் வரக்கூடிய கார்பன் மோனாக்ஸைடு. நிறமும் மணமும் இல்லாத நஞ்சு. ஓட்டும்போது தலைவலியோ கிறக்கமோ வந்தால் உடனே நிறுத்தி, எல்லோரும் வெளியே இறங்கிவிடுங்கள்.