கோதுமையை நிறுத்தலாமா?

கேள்வி: ஓசூர் சிப்காட்டில் என்னோடு வேலை செய்யும் பீகார் தம்பிக்கு ஓயாத வயிற்றுப்போக்கு, ரத்தசோகை. கோதுமைப் புரதத்தால் சிறுகுடல் பாதிக்கப்படும் செலியாக் நோயாக இருக்குமோ? சப்பாத்தியை நிறுத்தச் சொல்லட்டுமா?

பதில்: இப்போதே வேண்டாம். கோதுமையை விட்டபின் சோதித்தால், நோய் இருந்தும் இல்லையென்று முடிவு வரலாம். முதலில் டி.டி.ஜி.–ஐ.ஜி.ஏ. ரத்தப் பரிசோதனை, தேவைப்பட்டால் எண்டோஸ்கோபியில் சிறுகுடல் திசு எடுப்பார்கள். எய்ம்ஸ் கோவிந்த் மகாரியா, பி.எஸ். ராமகிருஷ்ணா குழுவின் 2016 ஆய்வில் வடக்கே 1.23 சதவீதம் பேருக்கு ரத்தத்தில் இந்நோய்க்கான எதிர்ப்பொருள் இருந்தது; தெற்கே 0.10 சதவீதம்தான். மரபணு வாய்ப்பு ஏறக்குறைய ஒன்றே. தெற்கில் கோதுமை உண்பது மிகக் குறைவு. அதனால்தான் நம் பக்கத்தில் இந்தச் சந்தேகமே எழுவதில்லை. அவர் பீகார்க்காரர் என்பதை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள். நோய் உறுதியானால் கிருஷ்ணகிரி ராகிக் களி தாராளமாகச் சாப்பிடலாம். ஆனால் கோதுமை அரைத்த மில்லில் ராகியை அரைக்கக் கூடாது.