ஆழமற்ற ஆறும் ஜெட் படகும்: ஒரு கண்டுபிடிப்பு தரும் பொருளாதாரப் பாடம்

தொழில்நுட்பக் கண்டுபிடிப்புகள் பெரும்பாலும் பெரிய ஆய்வுக்கூடங்களிலும் தொழிற்சாலைகளிலும்தான் தோன்றுகின்றன என்பது பரவலான கருத்து. வளர்ச்சிப் பொருளியலைப் பயில்வோர் இக்கருத்தைச் சற்றே திருத்திக்கொள்ள வேண்டும். ஓர் இடத்தின் நில அமைப்பு எழுப்பும் சிக்கலை அன்றாடம் எதிர்கொள்ளும் மனிதர், அதற்குத் தாமே விடை காண முற்படும்போதும் சிறந்த கருவிகள் பிறக்கின்றன. நீரைத் தாரையாகப் பீய்ச்சி அதன் எதிர்விசையால் முன்னேறும் ஜெட் படகு இத்தகைய கருவிகளுள் ஒன்று.

வேலைக்காகப் பிறந்த இப்படகு சில ஆண்டுகளிலேயே சாகசச் சுற்றுலா என்னும் தொழிலுக்கு ஒரு தூணாயிற்று. அம்மாற்றம் கருவியின் சிறப்பினால் மட்டும் நிகழவில்லை. ஆற்றைப் பயன்படுத்தும் உரிமையையும் பயணியின் பாதுகாப்பையும் ஒழுங்குபடுத்திய பொது நிருவாகத்துக்கும் அதில் பங்குண்டு. இவ்விரண்டையும் சேர்த்து ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஆறு எழுப்பிய சிக்கல்

நியூசிலாந்தின் தென் தீவில் தெற்கு ஆல்ப்ஸ் மலைத்தொடரிலிருந்து இறங்கும் வைமகரீரி, ரக்காயா, ரங்கிட்டாட்டா போன்ற ஆறுகள் நாம் காணும் சமவெளி ஆறுகளைப் போன்றவை அல்ல. அகன்ற சரளைப் படுகையில் பல கிளைகளாகப் பிரிந்தும் மீண்டும் கூடியும் பின்னிய கூந்தல் போல ஓடுபவை. நீரோட்டம் கடுமையானது, ஆனால் பல இடங்களில் ஆழம் முழங்காலளவுகூட இராது. ஒவ்வொரு வெள்ளத்துக்குப் பின்னும் நீர்த்தடம் இடம் மாறிவிடும்.

இவ்வாறுகளில் சாதாரண விசைப்படகு பயன்படாது. அதன் உந்துவிசிறியும் சுக்கானும் படகின் அடிப்பகுதிக்குக் கீழே நீட்டிக்கொண்டிருப்பதால், சரளைத் திட்டில் மோதி உடைந்துவிடும். பாலங்கள் அரிதாகவும் ஆட்டுப் பண்ணைகள் பரந்தும் கிடந்த அந்நாட்டில் இது ஓர் உண்மையான இடர்ப்பாடு.

ஹாமில்டனும் அவருடைய பட்டறையும்

கேன்டர்பரி மாநிலத்தின் மெக்கன்சி மேட்டுநிலத்தில், ஐரிஷ்மன் கிரீக் என்னும் ஆட்டுப் பண்ணையை நடத்தி வந்தவர் வில்லியம் ஹாமில்டன் (1899–1978). பொறியியலில் நாட்டம் மிகுந்த பண்ணையாளர் அவர். பண்ணைக்கு நீர்மின்சாரம் பெற அணை கட்ட வேண்டியிருந்தபோது, அதற்கான மண் வாரும் பொறியைத் தாமே வடிவமைத்தார். பண்ணையில் தொடங்கிய பட்டறை, இரண்டாம் உலகப் போருக்குப் பின் கிறைஸ்ட்சர்ச் நகரில் ஒரு பொறியியல் நிறுவனமாக வளர்ந்தது. ஜெட் படகு தோன்றியபோது அவர் ஐம்பது வயதைக் கடந்தவர். வார்ப்பு, கடைசல், பற்றவைப்பு ஆகிய வேலைகளில் தேர்ந்த தொழிலாளர்கள் அவரிடம் இருந்தனர்.

நீர்த்தாரை உந்துகை அவருக்கு முன்பே அறியப்பட்ட தத்துவம். இங்கிலாந்தில் 1661-இலேயே இதற்குக் காப்புரிமை வழங்கப்பட்டிருந்தது. அமெரிக்காவில் ஜேம்ஸ் ரம்சே 1787-இல் நீராவியால் நீரை இறைத்துப் பின்புறமாக வெளியேற்றும் படகை போட்டோமாக் ஆற்றில் ஓட்டிக் காட்டினார். நீர்த்தாரை உந்துகையைத் தாம் கண்டுபிடித்ததாக ஹாமில்டனும் உரிமை கொண்டாடவில்லை. அப்பெருமை ஆர்க்கிமிடிசைச் சேரும் என்று நகைச்சுவையாகக் கூறுவார்.

ஆயின் அவருடைய பங்கு யாது? 1950-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் விற்பனையாகிய ஒரு நீர்த்தாரைக் கருவியை அவர் ஆராய்ந்தார். அது நீரை உறிஞ்சி, படகின் அடியில் நீர்மட்டத்துக்குக் கீழிருந்த திரும்பும் குழாய்முனை வழியாக வெளியேற்றியது. அம்முறையைத் தழுவிச் செய்த முதற் படகு எதிர்பார்த்த வேகத்தைத் தரவில்லை. பின்னர் குழாய்முனையைப் படகின் பின்புறத்தில் நீர்மட்டத்துக்குச் சற்று மேலே மாற்றியமைத்தனர். படகுக்குக் கீழே நீட்டிக்கொண்டு நீரோட்டத்தைத் தடுக்கும் பகுதி எதுவும் இல்லாது போயிற்று. வேகம் குறிப்பிடத்தக்க அளவு உயர்ந்தது. 1953, 1954 ஆண்டுகளில் நிகழ்ந்த இச்சிறு மாற்றமே புதிய ஜெட் படகின் பிறப்பு எனலாம். ஏற்கெனவே உள்ள அறிவைத் தன் ஊர் ஆற்றுக்கேற்பத் திருத்தியமைத்தல் என்பதே இங்கு நிகழ்ந்த கண்டுபிடிப்பு.

இயங்கும் விதம்

படகின் அடியில் உள்ள வலையிட்ட திறப்பின் வழியாக நீர் உள்ளே உறிஞ்சப்படுகிறது. எஞ்சினால் சுழற்றப்படும் இம்பெல்லர் என்னும் சுழலி அந்நீருக்கு விசையேற்றுகிறது. பின்னர் குறுகிய முனை வழியாக நீர் மிகு வேகத்துடன் பின்னோக்கிப் பாய்கிறது. ஒவ்வொரு விசைக்கும் சமமான எதிர்விசை உண்டு என்னும் நியூட்டனின் விதிப்படி படகு முன்னோக்கிச் செல்கிறது. வெளியேறும் தாரை பின்னாலுள்ள நீரைத் தள்ளுவதால்தான் படகு நகர்கிறது என்று பலர் எண்ணுவர், அது சரியன்று. தாரை காற்றில் பாய்ந்தாலும் எதிர்விசை கிடைக்கும். நீர்மட்டத்துக்கு மேலுள்ள முனை சிறப்பாகச் செயற்படுவதே இதற்குச் சான்று.

முனையிலிருந்து வரும் தாரையை இடமோ வலமோ திருப்பினால் படகு திரும்பும். தாரையின் மீது ஒரு வளைதகட்டை இறக்கி அதை முன்னோக்கித் திருப்பிவிட்டால் படகு நின்று பின்னோக்கிச் செல்லும். நீரின் மேற்பரப்பில் வழுக்கிச் செல்லும் வேகத்தை எட்டியபின், ஏறத்தாழ 10 சென்டிமீட்டர் ஆழமுள்ள நீரிலும் இது ஓடவல்லது.

குறைகளும் உண்டு. குறைந்த வேகத்தில் உந்துவிசிறியைவிட இது எரிபொருளை மிகுதியாக உண்ணும். உறிஞ்சப்படும் மணலும் சரளையும் சுழலியைத் தேய்க்கும்; நீர்ப்பூண்டுகள் திறப்பை அடைக்கும். அனைத்தினும் முக்கியமான ஒன்று: விசையைத் துண்டித்தால் தாரை இல்லை, தாரை இல்லையேல் திரும்பும் ஆற்றலும் இல்லை. ஆபத்தைக் கண்டு அஞ்சி எஞ்சின் விசையைக் குறைக்கும் ஓட்டுநர், தப்பும் வழியையும் அக்கணமே இழக்கிறார். எனவே ஓட்டுநர் பயிற்சி இத்தொழிலில் உயிர்நிலையானது.

நம்பிக்கை வளர்த்த பயணங்கள்

புதிய கருவி சந்தையில் இடம்பெற, அதன் திறன் ஊரறிய மெய்ப்பிக்கப்பட வேண்டும். 1960-இல் ஹாமில்டனின் மகன் ஜான் உள்ளிட்ட குழுவினர், அமெரிக்காவின் கொலராடோ ஆற்றில் கிராண்ட் கேன்யன் பெரும்பள்ளத்தாக்கை நீரோட்டத்துக்கு எதிராக ஏறிக் கடந்தனர். விரைவோட்டங்கள் நிறைந்த அப்பள்ளத்தாக்கு முழுவதும் எதிர்த்திசையில் கடக்கப்பட்டது அந்த ஒரு முறைதான். 1968-இல் எட்மண்ட் ஹிலாரி நேபாளத்தின் சுன் கோசி ஆற்றில் ஜெட் படகுகளைச் செலுத்தினார்.

இந்தியருக்கு நன்கு நினைவிருக்க வேண்டியது 1977-ஆம் ஆண்டுப் பயணம். கடலிலிருந்து வானம் வரை என்னும் பொருள்படப் பெயரிடப்பட்ட அப்பயணத்தில், ஹிலாரி தலைமையில் மூன்று ஜெட் படகுகள் கங்கை கடலோடு கலக்கும் சாகர் தீவருகிலிருந்து புறப்பட்டன. நியூசிலாந்து நாட்டினருடன், இந்திய மலையேற்ற வீரர் மோகன் சிங் கோலி உள்ளிட்ட இந்தியரும் இதில் பங்கேற்றனர். பாட்னா, வாரணாசி முதலிய நகரங்களில் பெருந்திரளான மக்கள் கரைகளில் கூடி வரவேற்றனர். ரிஷிகேசத்துக்கு மேல் மலையாற்றின் விரைவோட்டங்களையும் ஏறிக் கடந்து, அலக்நந்தாவில் நந்தப்பிரயாகை அருகே அருவி குறுக்கிட்டதால் படகுப் பயணம் நின்றது. எஞ்சிய வழியை நடந்தும் மலையேறியும் குழுவினர் தொடர்ந்தனர். ஒரே படகு கழிமுகத்தின் அகன்ற நீரிலும் இமயத்தின் குறுகிய நீரிலும் ஓட முடியும் என்பது இதனால் விளங்கிற்று. செங்குத்தான அருவியே அதன் எல்லை என்பதும் தெளிவாயிற்று.

பொழுதுபோக்கு தொழிலானமை

தென் தீவின் குயின்ஸ்டவுன் ஊரையொட்டிய கவராவ், ஷாட்டோவர் ஆறுகளில் 1950-களின் இறுதியிலும் 1960-களிலும் கட்டணப் பயணங்கள் வேரூன்றின. 1862-இல் தங்கம் கண்டெடுக்கப்பட்டதால் மக்கள் திரண்ட ஆறு ஷாட்டோவர். தங்கம் அருகியபின், அதன் குறுகிய பாறை இடுக்குகளே புதிய செல்வமாயின. பாறைச் சுவரை உரசுவது போல மணிக்கு 80 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட வேகத்தில் சென்று, படகை முழு வட்டமாகச் சுழற்றிக் காட்டும் பயணம் உலகெங்கிலுமிருந்து பயணிகளை ஈர்த்தது. அச்சுழற்சிக்கு ஹாமில்டன் திருப்பம் என்றே பெயர் வழங்குகிறது. 1988-இல் கவராவ் பாலத்தில் கயிறு கட்டிக் குதிக்கும் பஞ்ஜி விளையாட்டு வணிக முறையில் தொடங்கியபோது, சாகசத்தை நாடி வரும் பயணிகள் அவ்வூருக்கு ஏற்கெனவே பழகியிருந்தனர்.

இத்தொழிலின் பொருளாதாரத் தன்மை கவனிக்கத்தக்கது. பயணி சில நிமிடங்களே படகில் அமர்கிறார். ஆனால் அவருக்காக ஓட்டுநர், எஞ்சின் பழுதுபார்ப்போர், மீட்புப் பணியாளர், விடுதி, உணவகம், போக்குவரத்து என உள்ளூரில் வேலை பெருகுகிறது. படகையும் உந்துகருவியையும் உள்நாட்டிலேயே செய்ததால் இயந்திரச் செலவின் பெரும்பகுதி வெளியே கசியவில்லை. மாறாக, மீட்புப் படகு, ரோந்துப் படகு, பயணிகள் படகு ஆகியவற்றுக்கான நீர்த்தாரைக் கருவிகள் ஏற்றுமதிப் பொருளாயின. தென் தீவின் பழங்குடியினரான ங்ஙை தாகு மவோரி மக்களின் நிறுவனமே இன்று ஷாட்டோவர் படகுப் பயணத்துக்கு உரிமையாளர் என்பதும் குறிப்பிடத்தக்கது.

உரிமமும் பாதுகாப்பும்

ஆறு பொதுச் சொத்து. குறுகிய இடுக்கில் பலர் போட்டியிட்டுப் படகு ஓட்டினால் எதிரெதிரே மோதல் நேரும். கட்டணத்தைக் குறைக்கும் போட்டியில் பாதுகாப்புச் செலவும் குறையும். இதனைச் சந்தை தானே திருத்திக்கொள்ளாது. ஷாட்டோவர் ஆற்றைப் பொறுத்து 1985-இல் தனிச் சட்டமே இயற்றப்பட்டது. கீழ் ஷாட்டோவரில் வணிகப் படகோட்டும் உரிமையை வழங்கி முறைப்படுத்தும் அதிகாரத்தை அது உள்ளாட்சி மன்றத்துக்கு அளித்தது. பொதுச் சொத்தின் பயன் தனியாருக்குச் செல்லும்போது, அதற்குரிய நிபந்தனைகளை விதிக்கும் பொறுப்பு மக்கள் மன்றத்திடம் இருக்க வேண்டும் என்பதே இதன் கருத்து.

1974-இல் நடைமுறைக்கு வந்த விபத்து இழப்பீட்டுத் திட்டமும் ஒரு பின்னணி. யார் தவறு என்று பாராமல் காயமுற்றோருக்கு இழப்பீடு வழங்கும் இத்திட்டத்தின் கீழ், காயத்துக்கு ஈடு கோரி வழக்குத் தொடுக்கும் உரிமை பெரிதும் நீங்கியது. வழக்குச் செலவின் அச்சம் குறைந்ததால் சாகசத் தொழில்கள் தழைத்தன என்பது ஒரு புறம். மறுபுறம், நீதிமன்றத்தின் அச்சம் குறையும் இடத்தில் அரசின் கண்காணிப்பு கூட வேண்டும். 2011-இல் சாகச நடவடிக்கைகளுக்கெனத் தனி விதிகள் வகுக்கப்பட்டு, பாதுகாப்புத் தணிக்கையும் பதிவும் கட்டாயமாக்கப்பட்டன. ஆற்றில் ஓடும் வணிக ஜெட் படகுகளுக்குக் கடல்சார் ஆணையத்தின் தனி விதித்தொகுதி உண்டு.

நமக்குரிய படிப்பினை

நீர்த்தாரை உந்துகை இந்தியாவுக்குப் புதிதன்று. கொல்கத்தாவில் கட்டப்பட்ட கார் நிக்கோபார் வகைக் கடற்படைக் கலங்கள் இம்முறையில்தான் இயங்குகின்றன. வெள்ளக் காலங்களில் ஆழமற்ற நீரில் மீட்புப் பணிக்கும் இத்தகைய படகு பொருத்தமானதே. நீரில் தத்தளிப்போரைச் சுழலும் விசிறி காயப்படுத்தும் அச்சம் இதில் இல்லை.

சாகசப் பொழுதுபோக்கு என்னும்போது நிலைமை வேறு. 2018-இல் உத்தரகண்ட் உயர்நீதிமன்றம், உரிய சட்ட விதிகளும் கட்டண முறையும் வகுக்கப்படும் வரை ஆற்று மிதவைப் பயணங்கள் முதலியவற்றை நிறுத்தி வைத்தது. தொழில் முதலில் வளர்ந்து விதி பின்னால் வந்ததன் விளைவு இது. பல குடும்பங்களின் பருவ வருமானம் ஒரே ஆணையில் நின்றுபோகக்கூடும் என்பதை நிருவாகத்தினர் இதிலிருந்து உணர வேண்டும்.

மேலும், நம் ஆறுகள் வெறுமையாக ஓடுபவை அல்ல. நீராடுவோர், மீனவர், பரிசல் ஓட்டுவோர், ஆற்றுப்படுகையில் வெள்ளரி பயிரிடுவோர் எனப் பலர் அவற்றை நம்பி வாழ்கின்றனர். 2009-இல் தேசிய நீர்வாழ் விலங்காக ஏற்கப்பட்ட கங்கை ஓங்கில் ஏறத்தாழப் பார்வையற்றது. ஒலியைக் கொண்டே வழியறிந்து இரை தேடுகிறது. விரைவுப் படகின் ஓசை அதற்கு இருள் போன்றது. நியூசிலாந்தின் ஆளரவமற்ற பாறை இடுக்குக்குப் பொருந்திய விளையாட்டு, வாரணாசியின் படித்துறைக்கு முன்னால் பொருந்தாது.

எனவே ஓர் ஆற்றில் இத்தகைய பயணத்துக்கு அனுமதி கோரும் விண்ணப்பம் வரும்போது, மாவட்ட அலுவலர் படகின் விலையையும் எதிர்பார்க்கும் வருவாயையும் மட்டும் பார்த்தல் போதாது. அந்நீரை இப்போது பயன்படுத்துவோர் யார், ஓட்டுநருக்குச் சான்றளிப்பவர் யார், விபத்து நேர்ந்தால் எத்தனை நிமிடங்களில் மீட்பு வந்து சேரும், உரிமக் கட்டணத்தில் கரையோர ஊராட்சிக்குப் பங்குண்டா என்னும் வினாக்களுக்கு எழுத்துமூலம் விடை பெற்ற பின்னரே ஒப்பமிட வேண்டும். படகை விலைக்கு வாங்கிவிடலாம். ஹாமில்டனுக்குத் தம் ஆற்றைப் பற்றி இருந்த அறிவையும், ஷாட்டோவரைச் சூழ்ந்து உருவான விதிமுறைகளையும் நம் ஆறுகளுக்கு ஏற்ப நாமேதான் உருவாக்கிக்கொள்ள வேண்டும்.