பங்கின் இரண்டு புத்தகங்கள்



ஒரு பங்கின் சரித்திரத்தை எழுதச் சொன்னால் நாம் எதைத் தேடுகிறோம்? கோவில் எந்த வருஷம் கட்டப்பட்டது, எந்தெந்தச் சுவாமிமார் விசாரணை செய்தார்கள் என்பதையே. இவை வேண்டியவைதாம். ஆனால் பங்கு என்பது சுவர்கள் அல்ல, ஜனங்கள். அந்த ஜனங்களின் சரித்திரம் இரண்டு புத்தகங்களில் கிடக்கிறது. ஒன்று கோவிலின் ஞானஸ்நானப் புத்தகம். மற்றொன்று பங்குப் பள்ளிக்கூடத்தின் சேர்க்கைப் பதிவேடு.

1. ஞானஸ்நானப் புத்தகம்

திரிதெந்தீன் பொதுச்சங்கம் 1563-ல், விவாகங்களையும், ஞானஸ்நானத்தில் ஞானத்தாய் தந்தையரின் பெயர்களையும் எழுதி வைக்கக் கட்டளையிட்டது. பிள்ளையின் பெயர், பெற்றோர், பிறந்த நாள், ஞானஸ்நானம் பெற்ற நாள் ஆகியவை இப்புத்தகத்தில் இருக்கும். பின்னாளில் அப்பிள்ளை உறுதிபூசுதல் பெற்றதும், விவாகம் செய்ததும் அதே வரியின் ஓரத்தில் குறிக்கப்படும். ஒரு மனிதனுடைய வாழ்வு முழுவதும் ஒரே வரியில் அடங்கிவிடுகிறது! பழைய புத்தகங்கள் இலத்தீனில் இருந்தால் அஞ்ச வேண்டாம். 'பிலியுஸ்' என்றால் மகன், 'பிலியா' என்றால் மகள்.

சூரமங்கலத்தார் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சேலம் மேற்றிராசனம் 1930 மே 26-ல்தான் உண்டானது. அதற்கு முன் இப்பகுதிகள் கும்பகோணம், புதுவை, மைசூர் மேற்றிராசனங்களைச் சேர்ந்திருந்தன. மேலும், சேலம் ஜங்ஷன் இருப்பது நம் ஊரில். இரயில்வே உத்தியோகத்தின் பொருட்டு வெளியூர்களிலிருந்து இங்கே குடியேறிய குடும்பங்கள் உண்டு. ஆகையால் உங்கள் பாட்டனாரின் பெயர் இங்கே இல்லையென்றால், அவர் பிறந்த ஊர் எந்தப் பங்கைச் சேர்ந்தது என்று கேளுங்கள்.

2. சேர்க்கைப் பதிவேடு

இதில் பிறந்த தேதியை அப்படியே நம்பிவிடாதீர்கள். தலைக்கு மேலாகக் கையை வளைத்து மறு காதைத் தொட்டுவிட்டால் வயது ஐந்து என்று சேர்த்துக்கொண்ட காலம் அது. பள்ளி திறக்கும் மாதத்துக்கு ஒத்தாற்போல் வாத்தியாரே ஒரு தேதியை எழுதியதுண்டு. மெய்யான தேதியை ஞானஸ்நானப் புத்தகம் சொல்லும்.

ஆயினும் கோவில் புத்தகத்தில் இல்லாத ஒரு செல்வம் இங்கே உண்டு. நம் பள்ளிகளில் பிற மதத்தாரின் பிள்ளைகளும் ஏராளமாய்ப் படித்தார்கள், படிக்கிறார்கள். அவர்கள் பங்கு ஜனங்கள் அல்ல. ஆனால் பள்ளியின் குடும்பத்தார். அவர்களை விட்டுவிட்டு எழுதும் சரித்திரம் பாதிச் சரித்திரமே.

3. இரண்டையும் சேர்த்து வாசித்தல்

இனி இரண்டு புத்தகங்களையும் அருகருகே வையுங்கள். ஒரே வீட்டில் பிறந்த அண்ணனும் தங்கையும் கோவில் புத்தகத்தில் இருப்பார்கள். பள்ளிப் பதிவேட்டில் அண்ணன் மாத்திரம் இருந்தால், தங்கை எங்கே? அவளை அடுத்தபடியாக விவாகப் புத்தகத்தில்தான் காண்கிறோம். நடுவில் ஒரு வரிகூட இல்லை.

இந்த வெற்றிடத்தை நம் முன்னோர் காணாமலில்லை. 1844-ல் பொனான் ஆண்டகை கூட்டிய புதுவைச் சங்கம், பள்ளிகளைப் பெருக்கவும் பெண் பிள்ளைகளுக்குக் கல்வி கொடுக்கவும் தீர்மானித்தது. படித்த பெண்ணை ஊரார் சந்தேகத்தோடு பார்த்த காலம் அது! அவ்வருஷமே துப்புயி சுவாமியார், பெண் குழந்தைகளுக்குக் கற்பிப்பதற்கென்றே இந்நாட்டுப் பெண்களைக் கொண்டு மரியாயின் மாசற்ற இருதயக் கன்னியர் சபையை ஏற்படுத்தினார். தமிழ்நாட்டில் அநேக பெண்களின் பெயர் பள்ளிப் பதிவேட்டில் ஏறியதற்கு அத்தீர்மானமும் ஒரு காரணம்.

ஆகவே, வாசகரே, பங்குச் சுவாமியாரிடமும் தலைமையாசிரியரிடமும் அனுமதி பெற்று, உங்கள் குடும்பத்தின் வரிகளை மட்டும் பார்த்து எழுதிக்கொள்ளுங்கள். பிறர் குடும்பக் காரியங்களைத் துருவ வேண்டாம். பள்ளியில் பெயர் ஏறாத பாட்டி, அத்தை யாரேனும் உயிரோடிருந்தால் இந்த ஞாயிறே அவர்களிடம் போய், "நீங்கள் ஏன் பள்ளிக்கூடம் போகவில்லை?" என்று கேளுங்கள். தம்பியைத் தூக்கிக்கொண்டிருந்தேன் என்பார். தறி வேலைக்கு உதவினேன் என்பார். அதை எழுதி, தேதியிட்டு வையுங்கள். இரண்டு புத்தகங்களும் எழுதாமல் விட்ட வரி அதுவே. அவர் கண்மூடினால் அதைச் சொல்ல வேறு ஆளில்லை.