துவைத்தால் ஜீன்ஸ் சுருங்குமா?

"இடுப்பு லூசாக இருக்கிறதே" என்று வாடிக்கையாளர் தயங்கினால், "ஒரு தடவை துவைத்தால் பிடித்துக்கொள்ளும்" என்று சொல்லி விற்பது வழக்கம். இது எல்லா ஜீன்ஸுக்கும் பொருந்தாது என்பதை ஜவுளி விற்கும் அன்பர்கள் அறிய வேண்டும்.

தறியில் பாவு நூல் இழுத்துக் கட்டப்படுகிறது. தண்ணீர் பட்டதும் பருத்தி இழை உப்பி, அந்த இழுப்பு தளர்ந்து துணி சுருங்குகிறது. பாவு நூல் காலின் நீளவாக்கில் இருப்பதால் நீளமே அதிகம் குறையும். ஆலையில் முன்சுருக்கம் செய்யாத துணி 10 சதவீதம் வரை சுருங்கலாம். அதாவது 40 அங்குலத்தில் 4 அங்குலம். 1930-இல் அமெரிக்கர் சான்ஃபோர்ட் க்ளூயெட் காப்புரிமை பெற்ற 'சான்ஃபரைசிங்' முறையில் பதப்படுத்திய துணியோ மிகச் சிறிதளவே சுருங்கும்.

வாடிக்கையாளருக்குச் சொல்ல வேண்டியவை:

1. முழுப் பருத்தி ஜீன்ஸை உட்புறம் வெளியே திருப்பி, வெந்நீரில் அரை மணி நேரம் ஊறவைத்து உலர்த்தலாம். சாயம் போகும், தனியே ஊறவைக்க வேண்டும்.

2. சுருங்கிய இடுப்பு, உடுத்த உடுத்த மீண்டும் தளரும். இடுப்பளவு நிலையாகக் குறைய தையற்காரரிடம் பிடித்துத் தைப்பதே வழி.

3. லேபிளில் எலாஸ்டேன், ஸ்பான்டெக்ஸ், லைக்ரா என்றிருந்தால் வெந்நீர் கூடாது. இழுவைத் தன்மை கெடும்.

4. முழுப் பருத்தி ஜீன்ஸின் கால் நீளத்தை வெட்டி ஆல்டர் செய்யுமுன் ஒரு முறை துவைக்கச் சொல்லுங்கள். வெட்டிய பின் நீளம் குறைந்தால் சரக்கு திரும்பி வரும்; அதை மறுபடி விற்கவும் முடியாது.

லேபிளைப் படித்த பிறகே வாக்குக் கொடுங்கள். சரியான சைஸ் கையிருப்பில் இல்லையென்றால், இல்லை என்று சொல்வதே கடைக்கு லாபம்.