கள்ளச்சாவி

விலை கொடுத்து வாங்கவேண்டிய மென்பொருளைக் காசின்றி இயக்கித் தருவதாகச் சில கருவிகள் இணையத்தில் உலவுகின்றன. கேஎம்எஸ்பிகோ அவற்றுள் ஒன்று. நிறுவுமுன், நச்சுநிரல் தடுப்பியை அணைத்துவிடுமாறு அது கேட்கும். வந்த விருந்தினர் வாயிற்காவலரை அனுப்பிவிடச் சொன்னால் நாம் ஐயுறமாட்டோமா? 2021ஆம் ஆண்டில், அப்பெயரில் பரவிய நிறுவி ஒன்றினுள் கிரிப்ட்பாட் என்னும் நச்சுநிரல் ஒளிந்திருந்தமை கண்டறியப்பட்டது. கேட்ட கருவியும் உடன் நிறுவப்பட்டதால் பயனருக்கு ஐயம் எழ இடமில்லை. உலாவியில் சேமித்த கடவுச்சொற்களைத் திருடுவதே அந்நிரலின் தொழில்.

காசில்லாதவர்க்கு நேர்வழியும் உண்டு. நம் திருவனந்தபுரத்தில் 2001ஆம் ஆண்டு இந்தியக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை தொடங்கப்பெற்றது. கேரள அரசுப் பள்ளிக் கணினிகளில் இயங்கும் லினக்சுக்கு விலையில்லை, சாவியும் வேண்டா.

வினா: தடுப்பியை அணைக்குமாறு அக்கருவி கேட்பது ஏன்? இரு தொடர்களில் விடை எழுதுக.