பட்டியலில் முதலிடம் எந்தச் சொல்லுக்கு? ஆட்டோ கம்ப்ளீட் போடும் கணக்கு

டெக்ஸ்ட் எடிட்டரில் ஒரு சொல்லின் முதல் இரண்டு, மூன்று எழுத்துகளை டைப் செய்தவுடன் கர்சருக்குக் கீழே சிறிய பட்டியல் ஒன்று எட்டிப் பார்ப்பதைக் கவனித்திருப்பீர்கள். அதில் உள்ள சொல் ஒன்றைத் தேர்ந்தெடுத்து என்டர் தட்டினால், மீதி எழுத்துகளைக் கம்ப்யூட்டரே போட்டுவிடும். இந்த வசதிக்கு ஆட்டோ கம்ப்ளீட் என்று பெயர். புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்களில் பலர், பட்டியலில் முதலில் நிற்கும் சொல்தான் சரியான சொல் என எண்ணி, பார்க்காமலே என்டர் தட்டிவிடுகின்றனர். சிக்கல் இங்குதான் தொடங்குகிறது.

ஒரு ரசீது டைப் செய்கிறீர்கள் என வைத்துக் கொள்வோம். "முன்தொகை பெற்றுக்கொண்டேன்" என்று எழுத வேண்டும். "மு" என்று தொடங்கியதும் பட்டியலின் முதலிடத்தில் "முழுத்தொகை" வந்து நிற்கிறது. கை பழக்கத்தில் என்டர் தட்டுகிறது. ரசீதில் "முழுத்தொகை பெற்றுக்கொண்டேன்" என்று ஏறிவிடும். இரண்டுமே எழுத்துப் பிழை இல்லாத சொற்கள். எனவே ஸ்பெல் செக் வசதி இதில் சிவப்புக் கோடு போடாது. கையெழுத்துப் போட்டுக் கொடுத்த பிறகு வருந்திப் பயனில்லை.

அப்படியானால் முதலிடத்தை எடிட்டர் எப்படி முடிவு செய்கிறது? இதனை இங்கு பார்க்கலாம்.

சொற்கள் எங்கிருந்து வருகின்றன?

எடிட்டருக்கு நம் மனதில் இருப்பது தெரியாது. நாம் திறந்து வைத்திருக்கும் பைலில் ஏற்கனவே உள்ள சொற்களை அது திரட்டுகிறது. புரோகிராம் எழுத உதவும் எடிட்டர்களில், அந்தந்தக் கம்ப்யூட்டர் மொழிக்குரிய கட்டளைச் சொற்களும் சேர்ந்துகொள்ளும். இவற்றில் நாம் டைப் செய்த எழுத்துகளுடன் பொருந்துபவற்றை மட்டும் பிரித்தெடுத்து அடுக்குகிறது. இந்த அடுக்கும் விதிதான் எடிட்டருக்கு எடிட்டர் மாறுபடுகிறது.

நான்கு விதிகள்

குடியிருப்போர் சங்கத்திற்கு ஒரு கடிதம் தயாரிக்கிறீர்கள். அதில் "வாடகை" 9 முறையும், "வாகனம்" 4 முறையும், "வாரம்" 2 முறையும், "வாசல்" ஒரு முறையும் வந்துள்ளன. கடைசி வரியில் "வாரம்" என டைப் செய்து முடித்தீர்கள். பிறகு ஏதோ விடுபட்டது நினைவுக்கு வர, கர்சரை மேலே கொண்டு சென்று, "வாசல்" என்ற சொல் உள்ள வரிக்கு அடுத்ததாக ஒரு புதிய வரியைத் தொடங்கி "வா" என டைப் செய்கிறீர்கள். இப்போது பட்டியலில் முதலில் வருவது எது?

1. அகர வரிசை: வாகனம், வாசல், வாடகை, வாரம் என்ற வரிசையில் வரும். முதலிடம் "வாகனம்".

2. எத்தனை முறை வந்தது: அதிக முறை வந்த "வாடகை" முதலில் வரும்.

3. கடைசியாகப் பயன்படுத்தியது: சற்று முன் டைப் செய்த "வாரம்" முதலில் வரும்.

4. கர்சருக்கு அருகில் உள்ளது: மேல் வரியில் உள்ள "வாசல்" முதலில் வரும்.

நான்கு விதிகளுக்கு நான்கு விடைகள்! இவற்றில் எதுவும் தவறு இல்லை. எதுவும் நம் மனதை அறிந்தும் வரவில்லை.

சில எடிட்டர்கள் இந்த விதிகளைக் கலந்து மதிப்பெண் போடுகின்றன. நாமும் போட்டுப் பார்க்கலாம். ஒரு முறை வந்ததற்கு 1 மதிப்பெண், கடைசியாகப் பயன்படுத்தியதற்குக் கூடுதலாக 3, அருகில் இருப்பதற்குக் கூடுதலாக 5 என வைத்துக் கொள்ளுங்கள். வாடகை 9, வாசல் 6, வாரம் 5, வாகனம் 4 என வரும். அருகில் இருப்பதற்கான மதிப்பெண்ணை 10 ஆக உயர்த்தினால் "வாசல்" 11 பெற்று முதலிடத்திற்கு வந்துவிடும். சொற்கள் மாறவில்லை, நாம் வைத்த எண்தான் மாறியது.

தமிழுக்கு ஒரு எச்சரிக்கை

அகர வரிசை என்றாலும் அது நாம் பள்ளியில் படித்த வரிசையாக இருக்கும் என்று சொல்ல முடியாது. யுனிகோட் முறையில் ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு எண் உண்டு. தமிழ் எழுத்துகளுக்கான எண்களில் "ர"வை அடுத்து "ற" வருகிறது. அதன் பின் ல, ள, ழ, வ என்று செல்கிறது. இந்த எண்களை மட்டும் பார்த்து அடுக்கும் புரோகிராம், பறவை, பலம், பள்ளம், பழம் என்று காட்டும். நம் அகராதி வரிசையிலோ பலம், பழம், பள்ளம், பறவை என வரவேண்டும். கடைசியில் வரவேண்டிய "பறவை" முதலில் வந்து நிற்பதற்கு இதுவே காரணம். எனவே தமிழில் டைப் செய்பவர்கள் பட்டியலை முழுமையாகப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது நல்லது.

எந்த எடிட்டரில் எப்படி?

நோட்பேட் ப்ளஸ் ப்ளஸ்: 2003 ஆம் ஆண்டு வெளியான இந்த இலவச எடிட்டர் அகர வரிசையைப் பின்பற்றுகிறது. கண்ட்ரோல் + என்டர் அழுத்தினால் பைலில் உள்ள சொற்களின் பட்டியல் கிடைக்கும். செட்டிங்ஸ் மெனுவில் பிரிபரன்சஸ் தேர்ந்தெடுத்து, ஆட்டோ கம்ப்ளீஷன் பிரிவில் கிளிக் செய்திடவும். எத்தனையாவது எழுத்திலிருந்து பட்டியல் வரவேண்டும் என்பதை இங்கு அமைக்கலாம். இதனை 3 அல்லது 4 என உயர்த்தினால் தேவையற்ற சொற்கள் குறையும்.

விம்: 1991 முதல் கிடைத்து வரும் இந்த எடிட்டர் அருகில் உள்ள சொல்லுக்கு முன்னுரிமை தருகிறது. கண்ட்ரோல் + பி அழுத்தினால் கர்சரிலிருந்து பின்னோக்கியும், கண்ட்ரோல் + என் அழுத்தினால் முன்னோக்கியும் தேடும்.

விஷுவல் ஸ்டுடியோ கோட்: கண்ட்ரோல் கீயுடன் கமா கீயை அழுத்தினால் செட்டிங்ஸ் பக்கம் கிடைக்கும். இதில் "சஜஸ்ட் செலக்ஷன்" எனத் தேடவும். பட்டியலில் எந்தச் சொல் தேர்வான நிலையில் இருக்க வேண்டும் என்பதற்கு மூன்று வழிகள் தரப்பட்டிருக்கும். எப்போதும் முதல் சொல், அண்மையில் பயன்படுத்திய சொல், இதே எழுத்துகளை டைப் செய்தபோது முன்பு தேர்ந்தெடுத்த சொல் என்பன அவை. "லோக்காலிட்டி போனஸ்" என்பதை இயக்கினால், கர்சருக்கு அருகில் உள்ள சொற்களுக்கு முன்னுரிமை கிடைக்கும்.

லிப்ரே ஆபீஸ் ரைட்டர்: இது வேர்ட் பிராசசர் என்றாலும் இதிலும் இந்த வசதி உண்டு. டூல்ஸ் மெனுவில் ஆட்டோகரெக்ட் ஆப்ஷன்ஸ் சென்று, வேர்ட் கம்ப்ளீஷன் டேபைக் கிளிக் செய்திடவும். இங்கு ஒரு சொல்தான் காட்டப்படும். கண்ட்ரோல் + டேப் அழுத்தி அடுத்த சொல்லைப் பார்க்கலாம். இந்த டேபில் திரட்டப்பட்ட சொற்களின் பட்டியலும் இருக்கும். நீங்கள் ஒரு சொல்லைப் பிழையாக டைப் செய்திருந்தால் அதுவும் இதில் சேர்ந்து, மீண்டும் மீண்டும் வந்து நிற்கும். அதனைத் தேர்ந்தெடுத்து நீக்கிவிடவும். டாகுமெண்ட்டை மூடும்போது அதன் சொற்களை நீக்குவதற்கான கட்டத்தில் டிக் அடையாளம் ஏற்படுத்துவதும் நல்லது. இல்லையெனில் லிப்ரே ஆபீஸை மூடும் வரை அந்தச் சொற்கள் பட்டியலில் இருக்கும். பலர் பயன்படுத்தும் கம்ப்யூட்டரில், உங்கள் கடிதத்தில் உள்ள பெயர் அடுத்தவர் கடிதத்தில் எட்டிப் பார்க்கலாம்.

என்டர் கீயை விடுவிக்கலாம்

புதிய வரிக்குச் செல்வதற்கும் சொல்லைத் தேர்ந்தெடுப்பதற்கும் ஒரே கீ இருப்பதுதான் பல தவறுகளுக்குக் காரணம். விஷுவல் ஸ்டுடியோ கோட் எடிட்டரில் "அக்செப்ட் சஜஷன் ஆன் என்டர்" என்பதை ஆப் என மாற்றினால், என்டர் புதிய வரிக்கு மட்டும் பயன்படும்; டேப் கீ அழுத்தினால்தான் சொல் ஏறும். நோட்பேட் ப்ளஸ் ப்ளஸ் புதிய பதிப்புகளிலும் ஆட்டோ கம்ப்ளீஷன் பிரிவில் டேப், என்டர் இரண்டுக்கும் தனித்தனிக் கட்டங்கள் உள்ளன. என்டருக்கான டிக் அடையாளத்தை எடுத்துவிடவும். பட்டியல் வேண்டாம் என்றால் எஸ்கேப் கீயை அழுத்தினால் போதும்.

ஒரு சிறிய பயிற்சி. நோட்பேட் ப்ளஸ் ப்ளஸ் திறந்து, ஆங்கிலத்தில் ஒரே எழுத்தில் தொடங்கும் நான்கு சொற்களை வரிசை மாற்றி நான்கு வரிகளில் டைப் செய்திடவும். ஐந்தாவது வரியில் அந்த எழுத்தை மட்டும் டைப் செய்து கண்ட்ரோல் + என்டர் அழுத்தவும். பட்டியல் எந்த வரிசையில் வருகிறது எனப் பாருங்கள். பிறகு இதே சோதனையை நீங்கள் வழக்கமாகப் பயன்படுத்தும் எடிட்டரிலும் செய்து பார்க்கவும். அது எந்த விதியின்படி அடுக்குகிறது என்பது புரிந்துவிட்டால், எப்போது நம்பி டேப் தட்டலாம், எப்போது நின்று பார்க்க வேண்டும் என்பதும் தெரிந்துவிடும். ரசீது, விண்ணப்பம், ஒப்பந்தம் போன்றவற்றை டைப் செய்கையில் மட்டும், நேரம் சற்றுக் கூடினாலும், முழுச் சொல்லையும் நீங்களே டைப் செய்திடுங்கள்.